'மே', 'ஷல்' என்னும் இரு துணைவினைகள்: ஆங்கிலச் சட்டமொழியும் தமிழர் மொழியுரிமையும், 1949–1987

1. முன்னுரை

ஆங்கிலத்தில் கடப்பாட்டையும் இசைவையும் உணர்த்துதற்குச் சில துணைவினைகள் வழங்குகின்றன. 'ஷல்', 'மஸ்ட்' என்பன கடப்பாட்டுக்கும், 'மே', 'கேன்' என்பன இசைவுக்கும் உரியன என்று பள்ளி இலக்கண நூல்கள் எளிதாக வகுத்துக் காட்டும். வகுப்பறையில் இவ்வகுப்பு போதுமானது. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் அது போதியதாக அமைவதில்லை. அங்கே ஒரு துணைவினையின் பொருள் ஐயத்துக்கு இடமாகும்போது, ஒரு மக்களின் உரிமையே ஐயத்துக்கு இடமாகிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவிலும் இலங்கையிலும் தமிழ் பேசும் மக்கள் இவ்வையத்தை நேரில் எதிர்கொண்டனர். இரு நாடுகளிலும் ஆட்சிமொழி பற்றிய சட்டங்கள் ஆங்கிலத்திலேயே வரையப்பட்டன. 1963-ஆம் ஆண்டின் இந்திய ஆட்சிமொழிகள் சட்டத்தில் இடம்பெற்ற 'மே' என்னும் ஓரசைச் சொல் நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. 1958-ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டமோ அதே சொல்லின் மீது தமிழின் ஆட்சிப் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. இவ்விரு நிகழ்வுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும். துணைவினை பற்றிய பூசல் வெறும் சொற்பூசல் அன்று என்பதும், முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வினாவே அதன் உள்ளீடு என்பதும் இங்கு நிறுவப்படும்.

2. சொற்களின் பழம்பொருள்

'ஷல்' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'ஸ்குலன்' என்பது. கடன்பட்டிருத்தல் என்பதே அதன் முதற்பொருள். செருமானிய மொழியில் கடனையும் குற்றத்தையும் ஒருசேரக் குறிக்கும் 'ஷுல்ட்' என்னும் பெயர் இதன் உறவுச் சொல். 'மே' என்பது 'மகன்' என ஒலித்த பழைய வினையிலிருந்து வந்தது. வலிமை பெற்றிருத்தல், இயலுதல் என்பன அதன் பொருள். ஆற்றலைக் குறிக்கும் 'மைட்' என்னும் பெயர்ச்சொல் அதே வேரினது. 'கேன்' என்பது அறிதல் என்னும் பொருளிலிருந்து இயலுதல் என்னும் பொருளுக்கு வந்தது. இவற்றுள் வியப்புக்குரியது 'மஸ்ட்' என்பதன் வரலாறு. 'மோட்டன்' என்னும் பழைய வினை இசைவு பெற்றிருத்தலைக் குறித்தது. அதன் இறந்தகால வடிவமே காலப்போக்கில் நிகழ்காலப் பொருள் பெற்று, இன்று மறுக்கவியலாத கட்டாயத்தை உணர்த்துகிறது. இசைவு கட்டாயமாக மாறுதற்கு மொழி வரலாற்றிலேயே சான்று உண்டு என்பது இதனால் பெறப்படும்.

தமிழிலும் இத்தகைய நகர்வுகள் உள. 'கடவன்', 'கடவது' என்னும் வடிவங்கள் 'கடன்', 'கடமை' என்பவற்றோடு ஒரு குடும்பத்தின. ஒருவன் செய்யக் கடவன் எனின், செய்தற்குக் கடன்பட்டவன் என்பதே பொருள். ஆங்கிலமும் தமிழும் தம்முள் உறவில்லாத மொழிகளாயினும், கடப்பாட்டைக் கடனாகக் கருதும் சிந்தனையில் ஒன்றுபட்டு நிற்கின்றன. 'வேண்டும்' என்பது விருப்பத்திலிருந்து தேவைக்கும், தேவையிலிருந்து கட்டாயத்துக்கும் வந்தது. 'செய்யலாம்' என்பது 'செய்யல் ஆம்' என்பதன் புணர்ச்சி. ஆகும் தன்மையை, அதாவது இயலும் தன்மையைச் சுட்டியது, பின்னர் இசைவையும் சுட்டலாயிற்று.

இரு மொழிகளுக்கும் இடையே வேறுபாடு தோன்றும் இடம் எதிர்மறையாகும். 'வரலாம்' என்பது 'மே' போலவே இசைவையும் நிகழக்கூடுமையையும் ஒருங்கே உணர்த்தும். அதனை எதிர்மறையாக்கும்போது தமிழ் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இசைவின் மறுப்பு 'வரக்கூடாது' என்றும், நிகழாமையின் வாய்ப்பு 'வராமல் இருக்கலாம்' என்றும் வரும். ஆங்கிலத்தில் 'மே நாட்' என்பது ஒன்றே இரண்டுக்கும் நிற்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், 'மே' என்னும் சொல்லைச் சட்டத்தில் காணும்போது, அதற்குப் பின்னால் நிற்கும் 'இல்லாமலும் இருக்கலாம்' என்னும் நிழலை எளிதில் உணர்வார். 1963-இன் விவாதத்தை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு உதவும்.

3. நீதிமன்றங்களில் இரு சொற்கள்

ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் இவ்விரு சொற்களின் எல்லை ஒருபோதும் உறுதியாக வகுக்கப்பட்டிருந்ததில்லை. 1693-ஆம் ஆண்டின் பார்லோ வழக்கில், காவலர்கள் செலவிட்ட பணத்தை ஈடுசெய்ய ஊர் அலுவலர்கள் வரி விதிக்க'லாம்' என்ற சட்டத்தொடர் ஆராயப்பட்டது. நீதியின் பொருட்டோ பொதுநலத்தின் பொருட்டோ ஒன்றைச் செய்யுமாறு சட்டம் கூறுமிடத்து 'மே' என்பது 'ஷல்' என்பதற்கு ஒப்பாகும் என நீதிமன்றம் கருதியது. இக்கருத்து பின்வந்த வழக்குகளில் பலமுறை எடுத்தாளப்பட்டது.

1880-ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவை முடிவு செய்த ஜூலியஸ் எதிர் ஆக்ஸ்போர்டு ஆயர் வழக்கு இத்துறையில் முதன்மையானது. தம் பங்கின் குருவானவர்மீது முறையீடு செய்த ஒருவர், விசாரணைக் குழு அமைக்க ஆயர் கடமைப்பட்டவர் என வாதிட்டார். 1840-ஆம் ஆண்டின் திருச்சபை ஒழுங்குச் சட்டமோ, குழு அமைப்பது ஆயருக்குச் 'சட்டப்படி ஏற்புடையதாகும்' என்று மட்டுமே கூறியிருந்தது. இத்தொடர் அதிகாரத்தை அளிப்பது, கடமையைத் தாமாக விதிப்பதன்று என அவை முடிவு செய்தது. ஆனால் அதனோடு ஒரு விளக்கமும் சேர்க்கப்பட்டது. அதிகாரம் எப்பொருளுக்காக அளிக்கப்பட்டது, எந்நிலையில் பயன்படத்தக்கது, யாருடைய நன்மைக்காக அளிக்கப்பட்டது என்பவற்றை நோக்க, அதிகாரத்தோடு கடமையும் பிணைந்திருக்கலாம் என்பது அவ்விளக்கம். சொல் மாறாமலே பொருள் மாறக்கூடும் என்பதை இவ்வழக்கு நிலைநாட்டியது.

இந்திய உச்சநீதிமன்றம் இம்மரபை ஏற்றுக்கொண்டது. 1957-ஆம் ஆண்டில் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில், அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என 'ஷல்' என்னும் சொல்லால் அரசியலமைப்பின் 320-ஆம் உறுப்பு கூறியிருந்தும், அது கட்டாயமானதன்று, நெறிகாட்டுவதே என நீதிமன்றம் முடிவு செய்தது. மறுதலையாக, 1963-ஆம் ஆண்டில் ஜோகேந்திர சிங் வழக்கில், அரசுப் பணியாளர் ஒருவரின் வேண்டுகோளின்படி அவரது வழக்கை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப'லாம்' என்ற விதியில், அனுப்பியே ஆக வேண்டும் என்னும் பொருள் காணப்பட்டது. ஆட்சிமொழிகள் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில் இத்தீர்ப்பு வந்தமை குறிக்கத்தக்கது. 'மே' என்பது 'ஷல்' ஆகக்கூடும் என்று கூறியவர்களுக்கும், 'ஷல்' கூட உறுதியன்று என்று அஞ்சியவர்களுக்கும் அன்றைய சட்ட மரபில் இடம் இருந்தது.

4. 1949-இன் உடன்பாடு

இந்திய அரசியலமைப்பு அவை, 1949 செப்டம்பர் 14 அன்று, கே. எம். முன்ஷி, என். கோபாலசாமி அய்யங்கார் ஆகியோர் பெயரால் அறியப்படும் உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. அதன் விளைவாக எழுந்த 343-ஆம் உறுப்பின் துணைவினைகளை வரிசையாக நோக்கினால் அவ்வுடன்பாட்டின் அமைப்புத் தெளிவாகும். முதல் பிரிவில், ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்திலமைந்த இந்தி 'ஆகும்' என்பதற்கு 'ஷல்' வந்தது. இரண்டாம் பிரிவில், 15 ஆண்டுக் காலத்துக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்பதற்கும் 'ஷல்' வந்தது. மூன்றாம் பிரிவில், அக்காலம் கழிந்த பின் ஆங்கிலத்தின் பயன்பாட்டுக்கு நாடாளுமன்றம் சட்டத்தால் வகைசெய்ய'லாம்' என்பதற்கு 'மே' வந்தது.

இந்திக்குக் கால எல்லையற்ற 'ஷல்' கிடைத்தது. ஆங்கிலத்துக்குக் கால எல்லையுள்ள 'ஷல்' கிடைத்தது. அவ்வெல்லைக்கு அப்பால் இருந்தது 'மே' மட்டுமே. 351-ஆம் உறுப்பு இந்தியைப் பரப்புவதை ஒன்றியத்தின் கடமையாகவே விதித்தது. மாநிலங்களின் மொழிகளைப் பற்றிய 345-ஆம் உறுப்போ, மாநிலச் சட்டமன்றம் தன் மொழியை ஏற்றுக்கொள்ள'லாம்' என்று கூறியது. சென்னை மாநிலம் 1956-ஆம் ஆண்டின் சட்டத்தால் தமிழை ஆட்சிமொழியாக்கியது இந்த 'மே' தந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியேயாகும். இங்கு 'மே' தமிழுக்குத் தீங்கு செய்யவில்லை. ஏனெனில் முடிவெடுக்கும் அதிகாரம் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள மன்றத்திடமே இருந்தது. இதனைப் பின்வரும் செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

344-ஆம் உறுப்பின்படி 1955-இல் பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைந்தது. அதன் பெரும்பான்மை அறிக்கையோடு உடன்படாது, தமிழகத்தைச் சேர்ந்த பி. சுப்பராயனும் வங்காள மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியும் மாற்றுக் குறிப்புகள் எழுதினர். அதனைத் தொடர்ந்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை இந்தி பேசாத பகுதிகளில் அச்சத்தை வளர்த்தது. 1959 ஆகஸ்டு 7 அன்று பிரதமர் ஜவஹர்லால் நேரு மக்களவையில் ஓர் உறுதிமொழி அளித்தார். மக்களுக்குத் தேவைப்படும் வரை ஆங்கிலம் மாற்றுமொழியாகத் தொடரும் என்றும், அதனை முடிவு செய்யும் உரிமையை இந்தி அறிந்தோரிடமன்றி, இந்தி அறியாதோரிடமே விட்டுவிடுவதாகவும் அவர் கூறினார். இவ்வுறுதிமொழியின் சிறப்பு அதன் இரண்டாம் பகுதியில் உள்ளது. முடிவெடுப்பவர் யார் என்பதை அது வெளிப்படையாகப் பெயர்சுட்டிக் கூறியது.

5. 1963: ஒரு சொல்லின் மீதான விவாதம்

1963 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஆட்சிமொழிகள் சட்டமுன்வரைவை மக்களவையில் கொணர்ந்தார். அதன் 3-ஆம் பிரிவு, 15 ஆண்டுக் காலம் முடிவுற்றபோதிலும், குறித்த நாளிலிருந்து இந்தியோடு கூடுதலாக ஆங்கிலமும் ஒன்றியத்தின் ஆட்சிச் செயல்களுக்கும் நாடாளுமன்ற நடவடிக்கைகளுக்கும் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்' என்று அமைந்திருந்தது. இங்கு வந்த துணைவினை 'மே' என்பதே. 1959-இன் உறுதிமொழியை நிறைவேற்றுவதே இச்சட்டத்தின் நோக்கம் என அரசு கூறியது.

1962 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த சி. என். அண்ணாதுரை 1963 மே மாதத்தில் இம்முன்வரைவின் மீது உரையாற்றினார். தி.மு.க.வின் எதிர்ப்பு அச்சொல்லையே மையமாகக் கொண்டது. 'மே' என்பதைப் 'பயன்படுத்தாமலும் இருக்கலாம்' என்று பொருள்கொள்ள வழியிருக்கிறது. ஆகவே அதனை நீக்கி 'ஷல்' எனத் திருத்த வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. இவ்விடத்தில் 'மே' என்பது 'ஷல்' என்பதன் பொருளையே தரும் என்பது நேருவின் விளக்கம். அவ்வாறாயின் 'ஷல்' என்றே எழுதிவிடுவதில் தடை யாது என்பது எதிர்த்தரப்பின் வினா. கோரிக்கை ஏற்கப்படவில்லை. சட்டம் 'மே' என்னும் சொல்லோடே நிறைவேறியது.

இவ்விவாதத்தில் இரு தரப்பும் தத்தம் அளவில் நேர்மையாகவே பேசின எனக் கருத இடமுண்டு. நேருவின் விளக்கம் பார்லோ வழக்கு முதலாக வந்த மரபுக்கு முரணானதன்று. தி.மு.க.வின் ஐயமும் இலக்கணப் பிழையன்று. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. சட்டத்தொடர் செயப்பாட்டு வினையில் அமைந்திருந்தது. ஆங்கிலம் பயன்படுத்தப்படலாம் எனின், பயன்படுத்துபவர் யார்? பயன்படுத்தாது விடும் முடிவை எடுப்பவர் யார்? தொடரில் எழுவாயாக நிற்பது ஆங்கிலமே. முடிவெடுப்பவர் தொடருக்கு வெளியே மறைந்து நிற்கிறார். 1959-இன் உறுதிமொழியில் வெளிப்படையாகப் பெயர்பெற்றிருந்த இந்தி அறியாத மக்கள் 1963-இன் சட்டத்தில் இடம்பெறவில்லை. பொருளை விளக்கிய பிரதமரின் வாய்மொழி சட்டத்தின் பகுதியன்று என்பதும் அனைவரும் அறிந்ததே. 1964 மே 27 அன்று நேரு மறைந்தபோது, விளக்கியவர் இல்லாது சொல் மட்டும் எஞ்சியது.

6. 1965 முதல் 1968 வரை

1964 சனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சிராப்பள்ளியில் தீக்குளித்து உயிர்நீத்தார். ஓராண்டு கழித்து, இந்தி ஆட்சிமொழியாகும் நாளாகிய 1965 சனவரி 26-ஐத் துக்கநாளாகக் கொள்ள தி.மு.க. அறைகூவல் விடுத்தது. முந்தைய நாளே மதுரையில் மாணவர் போராட்டம் கலவரமாயிற்று. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் ஆகியோர் அடுத்தடுத்துத் தீக்குளித்தனர். சனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். போராட்டக் காலத்தில் உயிரிழந்தோர் ஏறத்தாழ 70 பேர் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. அதனினும் மிகுதி என்பாரும் உளர். பிப்ரவரி 11 அன்று நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் மடல் அளித்தனர். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என அறிவித்தார்.

மாணவர்கள் துணைவினை இலக்கணத்துக்காக உயிர்கொடுத்தனர் எனக் கூறுவது வரலாற்றைச் சிறுமைப்படுத்துவதாகும். வேலைவாய்ப்பு, தேர்வுமொழி, பண்பாட்டு மதிப்பு, கூட்டாட்சியில் சமநிலை என்பன அப்போராட்டத்தின் உள்ளே இருந்தன. ஆனால் இவை அனைத்தையும் காப்பதாகச் சொல்லப்பட்ட சட்டத்தின் காப்புறுதி 'மே' என்னும் ஒரு சொல்லின் அளவினதாகவே இருந்தது.

1967 தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 1968 சனவரியில் நடைமுறைக்குரிய ஒப்புதலைப் பெற்றது. இத்திருத்தத்தை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர். 3-ஆம் பிரிவின் தலைத்தொடரில் இருந்த 'மே' நீக்கப்படவில்லை. இன்றும் அது அங்கேயே உள்ளது. அதனைச் சுற்றிலும் புதிய 'ஷல்' தொடர்கள் எழுப்பப்பட்டன. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலமே பயன்படுத்தப்பட வேண்டும். தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் முதலியவற்றுக்கு இந்தி, ஆங்கிலம் இரண்டும் பயன்படுத்தப்பட வேண்டும். இவற்றினும் முதன்மையானது ஐந்தாம் உட்பிரிவு. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றி, அதன் பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் நிறைவேற்றும் வரை இவ்வேற்பாடுகள் நிலைத்திருக்கும் என அது விதித்தது. 1963-இல் தொடருக்கு வெளியே மறைந்திருந்த முடிவெடுப்பவர் இப்போது சட்டத்துக்குள் பெயர்பெற்றார். சொல் மாறவில்லை, சொல்லின் உரிமையாளர் மாறினார். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் எனத் தொடங்குவது இவ்வரலாற்றின் நீட்சியேயாகும்.

இசைவு பிறரிடம் தங்கியிருக்கும்போது 'மே' எவ்வாறு செயற்படும் என்பதற்கு 348-ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவு சான்றாகும். குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு, மாநில ஆட்சிமொழியை உயர்நீதிமன்ற நடவடிக்கைகளில் பயன்படுத்த ஆளுநர் இசைவளிக்க'லாம்' என்பது அதன் விதி. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்திக்கு அவ்விசைவு கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழைப் பயன்படுத்தக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை 2006-இல் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு அவ்விசைவு கிட்டவில்லை. ஒரே சொல் ஒருவருக்குத் திறந்த கதவாகவும் மற்றொருவருக்கு மூடிய கதவாகவும் அமையலாம் என்பதை இது காட்டுகிறது.

7. இலங்கை: 1956, 1958, 1987

இலங்கையின் 1956-ஆம் ஆண்டு 33-ஆம் எண் ஆட்சிமொழிச் சட்டம் மிகச் சுருங்கியது. சிங்களமே இலங்கையின் ஒரே ஆட்சிமொழி 'ஆகும்' என 'ஷல்' கொண்டு அது விதித்தது. உடனடியாகச் சிங்களத்தை மட்டும் பயன்படுத்த இயலாது என அமைச்சர் கருதுமிடத்து, அதுவரை வழங்கிய மொழிகள் 1960 டிசம்பர் 31-க்கு முன் மாற்றம் நிறைவேறும் வரை தொடர'லாம்' என்பது அதன் விலக்கு. இங்கு 'மே' மிகவும் மெலிந்த வடிவில் நிற்கிறது. கால எல்லை உண்டு; அமைச்சரின் கருத்தே அளவுகோல்; தமிழ் பெயரளவில்கூடச் சுட்டப்படவில்லை.

1958-ஆம் ஆண்டின் தமிழ்மொழி (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம் அவ்வாண்டின் இனக்கலவரத்துக்குப் பின் நிறைவேறியது. தமிழ் மாணவர் தமிழ்வழிக் கல்வி பெற உரிமையுடையர் என்னும் இடத்தில் மட்டும் 'ஷல்' வலிவோடு வந்தது. நிருவாகத்தைப் பற்றிய பிரிவு வேறு. வட, கிழக்கு மாகாணங்களில், விதிகளால் குறிக்கப்பட்ட நிருவாகச் செயல்களுக்கு, ஆட்சிமொழியின் பயன்பாட்டுக்கு ஊறின்றி, தமிழ் பயன்படுத்தப்பட'லாம்' என்று அது கூறியது. 'மே' என்னும் சொல்லுக்கு இங்கு இரண்டு பூட்டுகள் உள. விதிகள் ஆக்கப்பட்டாலன்றி இசைவு செயற்படாது. விதிகளை ஆக்குவது கொழும்பிலிருந்த அமைச்சரின் பொறுப்பு. அவ்விதிகள் நாடாளுமன்றத்தின் முன் வந்தது 1966 சனவரியிலேயாகும். ஏழு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழின் ஆட்சிப் பயன்பாடு சட்டத்தில் 'ஆகலாம்' என்றும், அலுவலகத்தில் 'ஆகவில்லை' என்றும் இருந்தது. விதிகள் வந்தபோதும் கொழும்பில் அவற்றை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நிகழ்ந்தது.

இக்காலத்தில் சிங்களத் தேர்ச்சியின்மையால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசு எழுத்தர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு, எந்தச் சமூகத்துக்கும் பிறருக்கில்லாத தடையை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவை அடிப்படையாகக் கொண்டது. மாவட்ட நீதிமன்றம் 1964-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1969-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அரசுப் பணியாளர் ஊதியம் கோரி வழக்குத் தொடுக்கலாம் என்ற அளவில் முடிவு செய்து, அரசியலமைப்பு வினாவை மீண்டும் உச்சநீதிமன்றத்துக்கே அனுப்பியது. 1972-இன் புதிய அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. வினா விடையின்றியே நின்றுபோயிற்று. இசைவைக் குறிக்கும் 'மே' மட்டுமன்றித் தடையைக் குறிக்கும் 'ஷல் நாட்' என்பதும், அதனைக் காக்கும் மன்றமும் அரசியல் உறுதியும் இல்லாதபோது வலுவிழந்துவிடும்.

1987-இன் பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பின் 18-ஆம் உறுப்பில், தமிழும் ஆட்சிமொழி 'ஆகும்' எனச் சேர்த்தது. 'ஷல்' என்பதோடு 'உம்' என்னும் பொருள்தரும் சொல் ஒன்றும் அங்கு இணைந்து வருகிறது. 1956-இல் மறுக்கப்பட்ட துணைவினை 31 ஆண்டுகளுக்குப் பின் தமிழுக்குக் கிடைத்தது. அதற்குள் நாடு போருக்குள் ஆழ்ந்திருந்தது; ஆயிரக்கணக்கானோர் கடல்கடந்து ஏதிலிகளாகியிருந்தனர். உரிய காலத்தில் எழுதப்படாத ஒரு சொல், பின்னர் எழுதப்படும்போது முன்னைய மதிப்பைப் பெறுவதில்லை.

8. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, கடப்பாட்டையும் இசைவையும் உணர்த்தும் துணைவினைகளின் பொருள் அகராதியில் முடிந்துவிடுவதில்லை. நீதிமன்ற மரபு 'மே' என்பதை 'ஷல்' ஆகவும், 'ஷல்' என்பதை வெறும் நெறியாகவும் படித்திருக்கிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்கச் சில நாடுகள் முயன்றுள்ளன. கனடாவின் சட்ட விளக்கச் சட்டம் 'ஷல்' கட்டாயத்தையும் 'மே' இசைவையும் குறிக்கும் என வரையறுக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்புக் கடமைகளை 'மஸ்ட்' என்னும் சொல்லால் விதிக்கிறது.

இரண்டாவது, ஒரு துணைவினையை மதிப்பிடும்போது அதன் வலிவை மட்டும் நோக்குதல் போதாது. முடிவெடுப்பவர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். 345-ஆம் உறுப்பின் 'மே' தமிழுக்கு அரணாயிற்று. 348-ஆம் உறுப்பின் 'மே' அவ்வாறு ஆகவில்லை. 1967-இன் திருத்தம் வெற்றிபெற்றது சொல்லை மாற்றியதால் அன்று, முடிவுரிமையை உரியவரிடம் ஒப்படைத்ததால்.

மூன்றாவது, வாய்மொழி விளக்கம் எழுத்துக்கு ஈடாகாது. 1963-இல் 'இரண்டும் ஒன்றே' எனக் கூறப்பட்டது. இரண்டும் ஒன்றேயாயின், கேட்டவர் கேட்ட சொல்லை எழுதித் தருவதில் இழப்பு ஏதுமில்லை. அச்சொல் மறுக்கப்பட்டமையே அவை இரண்டும் ஒன்றல்ல என்பதற்குக் கேட்டவர் கண்ட சான்றாயிற்று. சிறுபான்மை மொழியினர் சட்டத்தின் துணைவினைகளை ஐயுற்றுப் படிக்கும் வழக்கம் மிகையுணர்ச்சியால் எழுந்ததன்று. வரலாறு அவர்களுக்குக் கற்பித்த பாடமாகும். இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் கல்வி, குடியுரிமை, மொழிச் சேவை முதலியன பற்றிய சட்டங்களைப் படிக்கும் தமிழருக்கும் அப்பாடம் பயன்படத்தக்கது. தரப்படும் என எழுதியிருக்கிறதா, தரப்படலாம் என எழுதியிருக்கிறதா என நோக்குதல் முதற்படி. தருவதா மறுப்பதா என முடிவு செய்பவர் யார் என வினவுதல் அடுத்த படி.